ஏழாம் எண் தாய்மரமும் மேஸ்திரியின் கத்தியும்

கமலா ஆரஞ்சுக் கன்றுகள் ஊர் ஊராக மஞ்சளாகிச் செத்ததற்கு ஒரு மனிதரின் கத்திதான் காரணம் என்று நான் எழுதினேன். அது பொய். எழுதும்போதே பொய் என்று எனக்குத் தெரியும். தாவர நோயியல் படித்தவன் என்பதற்காகவே அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஒருவன், தன் பதவி முத்திரைக்கு மேலே கையெழுத்துப் போட்டுச் சொன்ன பொய். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, நல்ல ஆங்கிலத்தில், இரண்டு முறை திருத்தி எழுதினேன்.

வயதானவர்கள் தங்கள் தவறைச் சொல்லும்போது "அந்தக் காலச் சூழ்நிலை அப்படி" என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நானும் பல வருடம் சேர்த்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது அந்த வரியைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. எழுதியது சூழ்நிலை இல்லை. நான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெங்களூரின் தெற்கே, ஆடுகோடியைத் தாண்டி ஓசூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் ஒரு பழப்பண்ணையில் நான் வேலை பார்த்தேன். அங்கே ஒட்டுக்கன்றுகள் தயாரித்து விவசாயிகளுக்குக் கொடுப்பார்கள். நல்ல மரம் ஒன்றைத் தாய்மரம் என்று தேர்ந்தெடுத்து எண் போடுவோம். அதன் கிளையில் இலைக்காம்பு சேருமிடத்தில் இருக்கும் மொட்டைப் பட்டையோடு சீவி எடுத்து, விதையிலிருந்து வளர்ந்த நாட்டுச் செடியின் தண்டில் கீறலிட்டுச் செருகிக் கட்டினால், அந்த மொட்டு தாய்மரத்தைப் போலவே ஒரு மரமாக வளரும். அந்த மொட்டைப் பண்ணையில் கண் என்பார்கள்.

கண் எடுத்துக் கட்டுகிற வேலையில் இருந்தவரை எல்லோரும் மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். பெயரில்தான் மேஸ்திரி. சம்பளம் தினக்கூலி. இருபது வருடத்துக்கு மேல் தினக்கூலி. ஜோகுபாளையத்தில் இருந்து சிவாஜிநகர் வந்து, அங்கே பஸ் மாறிக் காலை எட்டு மணிக்குப் பண்ணையில் இருப்பார். தீண்டாமையிலிருந்து விடுபடப் பௌத்தத்துக்கு மாறிய குடும்பம், அவருடைய தாத்தா காலத்திலேயே கோலார் தங்கவயலில் இருந்து வந்தவர்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவரை நான் "நீ" என்றுதான் பேசினேன். அவர் என்னை "சார்" என்றார். இதில் ஏதோ குறை இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் குடும்பம் மைசூர் சமஸ்தானக் காலத்திலிருந்து அரசு வேலையில் இருந்த குடும்பம். மல்லேசுவரத்தில் வீடு. நாங்கள் பேசிய தமிழும் அவர் பேசிய தமிழும் ஒன்றுதான் என்று யாராவது சொல்லியிருந்தால், எங்கள் வீட்டில் சிரித்திருப்பார்கள்.

அவர் கட்டிய கண் நூற்றுக்குத் தொண்ணூறு பிடிக்கும் என்று பண்ணையில் சொல்வார்கள். எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு இல்லை. மற்றவர்கள் கட்டியதையும் அவர் கட்டியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் சொன்ன பேச்சு. அவருக்கு அதில் பெருமை உண்டு. விவசாயிகள் வந்தால் "மேஸ்திரி கட்டினதுல குடுங்க" என்று கேட்பார்கள். அதைக் கேட்டால் மட்டும் அவர் தலையைக் குனிந்துகொண்டு கத்தியைத் துடைப்பார்.

தலைமை அதிகாரியின் அறை ஜன்னலுக்கு எதிரே ஏழாம் எண் தாய்மரம் இருந்தது. அந்த வருடம் அது பருவம் தப்பிப் பூத்தது. வழக்கமாகப் பூத்து ஓய்ந்த பிறகு மறுபடியும் பூத்தது. அது காயாகிற நேரத்தில் இன்னொரு கிளையில் பூத்தது. அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களையெல்லாம் ஜன்னலுக்கு அழைத்துப்போய் "நோட்ரி, வர்ஷ பூர்த்தி ஹூவு" என்பார். வருடம் முழுவதும் பூக்கிற கமலா. விரைவில் ஒரு பெரிய கன்று விநியோகத் திட்டம் வருவதாக இருந்தது. எல்லாக் கன்றுக்கும் ஏழாம் எண்ணில்தான் கண் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மேஸ்திரி ஒரு நாள் மத்தியானம் என் ஆய்வறைக்கு வந்தார். கையில் இரண்டு பழம்.

"சார், ஏழு நம்பர்ல கண்ணு எடுக்க வேணாம் சார்."

"ஏன்?"

"அதுக்கு உடம்பு சரியில்ல."

"அப்படிப் பூக்குது. உடம்பு சரியில்லைன்றே."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். நல்லா கீற மரம் அதோட சீசன்ல பூக்கும், கம்முனு இருக்கும். இது சாவு பயத்துல பூக்குது. பெரிய ஆபீசரு அதைப் பாத்துக்கினு சந்தோஷப்படறாரு."

பழத்தை உரித்தார். ஒரு பக்கம் கோணலாக இருந்தது. காம்புப் பக்கம் மட்டும் நிறம் மாறி, அடிப்பக்கம் பச்சையாகவே நின்றிருந்தது. விதைகள் சுருங்கிக் கறுத்துப் பதராக இருந்தன. ஒரு சுளையை என்னிடம் நீட்டினார்.

"துன்னு பாருங்க. காசு குடுத்து வாங்கினவன் அடிக்க வருவான்."

கசந்தது. நான் மரத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். மரம் முழுக்கப் பச்சையாக இருக்க, ஒரே ஒரு கிளை மஞ்சளடித்திருந்தது. இலையைப் பறித்து நடுநரம்பின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டேன். துத்தநாகச் சத்துக் குறைந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளுக்கும். இதில் ஒரு பக்கம் ஒரு திட்டு, மறுபக்கம் வேறொரு திட்டு. தொட்டால் தோல் மாதிரி தடித்திருந்தது. படித்தவன் யாரும் இதைப் பார்த்துவிட்டுத் தூங்க முடியாது. கிரீனிங் என்று நாங்கள் சொல்லும் நோய். பட்டைக்குள் சர்க்கரைச் சாறு ஓடுகிற குழாய்களில் மட்டும் குடியிருக்கும் ஒரு நுண்கிருமி. சாறு உறிஞ்சும் ஒரு சின்னஞ்சிறு பூச்சி அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகும். பூச்சியைவிட வேகமாகவும் தூரமாகவும் கொண்டுபோவது, நோயுற்ற மரத்தில் கண் எடுத்துக் கன்று செய்கிற நாங்கள்.

சந்தேகம் தீர ஒரு சோதனை செய்தேன். ஏழாம் எண்ணிலும் ஆரோக்கியமான வேறொரு மரத்திலும் சில இலைகளைக் கறுப்புத் தாளால் மூடி வைத்தேன். வெயில் படாத இலை தன்னிடமிருக்கும் மாவுச்சத்தைக் கீழே அனுப்பிவிடும். சில நாள் கழித்துப் பறித்து, சூடான ஸ்பிரிட்டில் போட்டுப் பச்சையம் நீக்கி, அயோடின் ஊற்றினேன். ஆரோக்கியமான இலை வெளிர் பழுப்பாகவே இருந்தது. ஏழாம் எண்ணின் இலை மை கொட்டியதுபோலக் கறுத்தது. உள்ளே சேர்ந்த மாவுச்சத்து இறங்க வழியில்லாமல் அங்கேயே கிடந்தது. இது ஒன்றே முடிவான சாட்சி இல்லை. ஆனால் கோணல் பழம், பதர் விதை, ஒற்றைக் கிளை மஞ்சள், சமமில்லாத திட்டு, இதுவும் என்றால் வேறென்ன வேண்டும்? மேஸ்திரி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை. "கறுத்துட்டுது" என்று மட்டும் சொன்னார்.

அதிகாரியிடம் போனேன். அவர் இலையைப் பார்க்கக்கூட இல்லை. துத்தநாகக் குறைவு, மருந்து தெளியுங்கள், கோப்பில் அப்படியே எழுதுங்கள் என்றார். திட்டம் தயாராகிவிட்டது, மேலிடத்தில் சொல்லியாகிவிட்டது. பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "உங்களுக்கு எதுக்கு வீண் தொந்தரவு?" என்றார்.

உங்களுக்கு என்று அவர் அழுத்தினாரா, அல்லது எனக்கு அப்படிக் கேட்டதா என்று இன்றுவரை தெரியவில்லை. பெங்களூரில் தமிழர்களைத் தாக்கிய காவிரிக் கலவரம் நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த டிசம்பரில் எங்கள் வீட்டு வாசலில் தமிழ் வாரப் பத்திரிகை போட வேண்டாம் என்று பேப்பர்காரரிடம் சொல்லி வைத்திருந்தோம். அதற்குப் பிறகு அலுவலகத்தில் நான் தமிழில் பேசுவதையே நிறுத்தியிருந்தேன். பயம் உண்மைதான். ஆனால் என் பயத்துக்கும் ஒரு மரத்தின் நோய்க்கும் என்ன சம்பந்தம்? துத்தநாகக் குறைவு என்று எழுதினேன். ஏழாம் எண்ணில் கண் எடுக்கலாம் என்று உத்தரவும் நானே போட்டேன்.

மேஸ்திரியிடம் சொன்னேன்.

"கறுத்துதே சார்."

"மேல சொல்லிட்டாங்க. நீ எடு."

எடுத்தார். கூலிக்காரர் வேறு என்ன செய்வார்?

இரண்டு வருடம் கன்றுகள் நன்றாகத்தான் இருந்தன. இந்த நோயின் கொடுமை அதுதான். முதலில் காட்டாது. மூன்றாவது வருடம், பூவும் பிஞ்சும் வரவேண்டிய நேரத்தில், தோட்டம் தோட்டமாக மஞ்சளடித்தது. விவசாயிகள் ஒரு டெம்போ நிறையக் கிளைகளை வெட்டிக்கொண்டு வந்து அலுவலகப் படியில் கொட்டினார்கள். ஒரு பெரியவர் ஒரு கோணல் காயை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எலுமிச்சை அளவுதான் இருந்தது.

விசாரணைக் குழு போட்டார்கள். மூன்று பேர். வெளியிலிருந்து ஒரு தலைவர், கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், தொழில்நுட்ப உறுப்பினராக நான். கண் எடுக்க உத்தரவிட்டவனே விசாரிக்கவும் உட்கார்ந்தேன். இதைச் சொல்லும்போது எனக்கே வாய் கூசுகிறது. அன்று யாருக்கும் கூசவில்லை. குழு கூடுவதற்கு முந்தைய நாள் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, மரத்தைச் சொன்னால் நீங்களும் நானும் போவோம், வேலை முறையில் குறை என்றால் அதோடு முடியும் என்றார். வேலை முறை என்றால் யார் என்று சொல்லத் தேவையிருக்கவில்லை.

மேஸ்திரியை வரச்சொன்னார்கள். விசாரணை கன்னடத்தில் நடந்தது. அவருக்குக் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. கத்தியை எப்படிச் சுத்தம் செய்வாய் என்று தலைவர் கேட்டார்.

ஸ்பிரிட்டில் துடைக்கவேண்டும், அந்தக் கன்றுகளைக் கட்டிய வருடம் எட்டு மாதம் ஸ்பிரிட் கொடுக்கவில்லை, அதனால் வீட்டிலேயே கத்தியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, துணியில் சுற்றிக் கொண்டுவருவேன், இங்கே மரத்துக்கு மரம் சோப்புத் தண்ணீரில் கழுவுவேன் என்றார். தலைவர் பேனாவை நிறுத்தி, "அப்படியென்றால் ஸ்பிரிட் உபயோகிக்கவில்லை" என்றார்.

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். அதுவரை பேசிய கன்னடத்தை விட்டுவிட்டுத் தமிழில் சொன்னார்.

"சார், நீங்க சொல்லுங்க சார். கத்தியால வர்ற நோயா இது? அந்த எல கறுத்ததை நீங்கதானே காட்டினீங்க?"

அறையில் மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு தமிழன் இன்னொரு தமிழனிடம் தமிழில் ஏதோ கேட்கிறான். அவ்வளவுதான் அவர்களுக்குப் புரிந்தது. நான் கன்னடத்தில் பதில் சொன்னேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல், என்று.

ஸ்பிரிட் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அந்த வருடம் பண்ணைக்கு வந்த ஸ்பிரிட் பாட்டில் என் ஆய்வறை அலமாரியில் இருந்தது. இலையின் பச்சையம் நீக்க நான் உபயோகித்தது அதைத்தான்.

அறிக்கையின் முக்கியமான வரியை நான் எழுதினேன். ஒட்டுக்கட்டும் ஊழியரின் கையும் கருவியும் சுத்தமாக இல்லாததால் நோய் பரவியிருக்கிறது என்று. கருவி என்று மட்டும் எழுதியிருக்கலாம். கை என்று ஏன் சேர்த்தேன்? அதைச் சேர்த்தால் குழு கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்ளும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஜோகுபாளையத்திலிருந்து வருகிற ஒரு கூலிக்காரரின் கை சுத்தமில்லை என்று சொன்னால், அந்த அறையில் இருந்த யாருக்கும் ஆதாரம் தேவைப்படாது. எனக்கும் தேவைப்படவில்லை. படித்த படிப்பையும் பிறந்த வீட்டின் திமிரையும் ஒரே வரியில் உபயோகித்தேன். கிரீனிங் கத்தியால் பரவுகிற நோய் இல்லை என்பது பாடப்புத்தகத்திலேயே உண்டு. எத்தனை முறை கொதிக்க வைத்த கத்தியாக இருந்தாலும், நோயுற்ற மரத்தின் கண்ணுக்குள்ளேயே கிருமி இருக்கிறது. நாங்கள் அவர் கையில் நோயைக் கொடுத்துக் கட்டச் சொன்னோம். கட்டியதற்குத் தண்டனையும் கொடுத்தோம்.

நீண்டகாலத் தினக்கூலிகளை நிரந்தரமாக்கும் பட்டியல் அப்போதுதான் தயாராகிக்கொண்டிருந்தது. அவர் பெயர் அதில் இருந்தது. அறிக்கைக்குப் பிறகு அடித்துவிட்டார்கள். அடுத்த மாதம் வேலைக்கும் வரவேண்டாம் என்றார்கள். அதைவிட மோசம், பேச்சு நர்சரிகளுக்குப் போனது. நோய்க்கை என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிற்பாடு ஒரு நர்சரிக்காரர் என்னிடமே சிரித்துக்கொண்டு சொன்னார், "அந்த ஆள் தொட்டா செடி மஞ்சளாயிடும் சார்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மனைவி மல்லேசுவரத்துக்கு என் வீட்டைத் தேடி வந்தார். அதற்கு முன் அவரை நான் பார்த்ததில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரச்சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. எங்கள் முற்றத்தில் ஒட்டுக்கட்டிய ரோஜாக்கள் இருந்தன, ஒரு எலுமிச்சையும் இருந்தது. மேஸ்திரி ஒரு லீவு நாளில் வந்து கட்டிக்கொடுத்தவை.

"இதெல்லாம் அவரு கட்டினதுதானே சார்?"

"ஆமாம்."

"அப்ப புடுங்கிப் போடலையா? சுத்தமில்லாத கை தொட்டது. வீட்டுக்குள்ளாற வெச்சிருக்கீங்களே, ஆவுமா உங்களுக்கு?"

அவர் குரலை உயர்த்தவில்லை.

"ராத்திரி பகலா அந்தக் கத்தியை எடுத்து எடுத்துப் பாக்கறாரு. என் கைல இன்னா கீதுன்னு கேக்கறாரு. நான் இன்னான்னு சொல்லட்டும்? படிச்சவரு எழுதிட்டாரு, இருக்கும்ன்றதா?"

போய்விட்டார். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. எலுமிச்சை காய்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் ஊறுகாய் போட்டோம்.

ஓய்வு பெற்ற பிறகு, இரண்டாயிரத்தைத் தாண்டிய வருடங்களில், படிக்க நேரம் கிடைத்தது. இந்த நோயைப் பற்றி வெளிவந்ததையெல்லாம் தேடிப் படித்தேன். கிருமி மரத்தைத் தின்று கொல்வதில்லை என்கிறார்கள். கிருமி உள்ளே வந்தது தெரிந்ததும் மரம் தன் சர்க்கரைக் குழாய்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. இலையில் செய்த உணவு இலையிலேயே தங்கித் தடிக்கிறது. வேருக்கு எதுவும் இறங்குவதில்லை. மேலே மாவுச்சத்து நிறைந்து கிடக்க, கீழே வேர் பட்டினியில் காய்ந்துபோகிறது. காய்களுக்கும் உணவு போகாததால் அவை கோணி, கசந்து, பிஞ்சிலேயே விழுகின்றன. பருவம் தப்பிப் பூப்பதும் இந்தத் தடுமாற்றத்தின் ஒரு பகுதிதான். சாவு பயம் என்று மேஸ்திரி சொன்னதை இவர்கள் பல பக்கங்களில் சொல்லியிருந்தார்கள்.

என் பழைய சக அதிகாரி ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "நம்ம டிபார்ட்மென்ட்டும் அப்படித்தான், தன்னைக் காப்பாத்திக்கறதுக்காக அடைச்சுக்கிச்சு" என்று தத்துவம் பேசினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மரத்துக்கு வேறு வழி தெரியாது. அதற்குக் கண்ணில்லை, வாயில்லை. எங்களுக்கு எல்லாம் இருந்தன, ஓய்வூதியமும் சேர்த்து. ஒரு மரத்தின் பின்னால் போய் ஒளிந்துகொள்ள வேண்டாம் என்றேன். அவர் அதற்கப்புறம் என் வீட்டுக்கு வருவதில்லை.

அதே சமயத்தில்தான் ஒரு விவசாயிகள் கூட்டத்தில் எங்கள் துறையின் கன்னடக் கையேடு ஒன்று கைக்குக் கிடைத்தது. ஆரஞ்சுக் கன்று செய்யும் முறை. கிரீனிங் என்ற தலைப்பின் கீழே ஒரு வரி: ஒட்டுக்கட்டுபவரின் கையும் கருவியும் சுத்தமாக இல்லாவிட்டால் இந்நோய் பரவும். என் வரி. ஆங்கிலத்திலிருந்து யாரோ எடுத்து மொழிபெயர்த்திருந்தார்கள். தாய்மரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பக்கத்திலிருந்த விவசாயியைக் கேட்டேன். "கத்தியைக் கொதிக்க வைக்கிறோம் சார், கையை டெட்டால் போட்டுக் கழுவுறோம்" என்றார். கண் எங்கே எடுக்கிறீர்கள் என்றேன். பக்கத்துத் தோட்டத்தில் வருடம் பூராவும் பூக்கிற மரம் ஒன்று இருக்கிறதாம். அதிலிருந்து எடுக்கிறார்களாம்.

ஒரு மனிதரைக் கெடுத்தது போதாதென்று, பத்து வருடமாக அந்தப் பொய் ஊர் ஊராகத் தோட்டங்களையும் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் பென்ஷன் வாங்கி நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தேன்.

ஜோகுபாளையத்துக்குப் போனேன். விசாரித்துக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. ஒரு சந்துக்குள் ஓட்டு வீடு. சுவரில் புத்தர் படம். மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் புல்லுக்குத் தண்ணீர் விடுகிற வேலை பார்த்து, அதையும் விட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். அதுவும் எனக்குச் சுருக்கென்றது. நான் உட்காரச் சொன்னேன்.

"உங்களைப் பத்தி நான் எழுதினது பொய். எழுதறப்பவே பொய்னு தெரியும். உங்ககிட்ட வந்து சொல்லணும்னு வந்தேன்."

அவர் பதில் சொல்லும் முன் அவருடைய மனைவி உள்ளிருந்து வந்தார்.

"இப்ப 'உங்க'ன்னு வருது. அப்ப 'நீ'. ரிட்டயர் ஆனா தமிழு நல்லா வரும்போல."

"சும்மா இரு" என்றார் மேஸ்திரி. பிறகு என்னைப் பார்த்து, "எங்க எழுதினீங்க சார்?" என்றார்.

"என்கொயரி அறிக்கையில."

"அப்ப அங்கதான் சொல்லணும். எங்கிட்ட எதுக்கு? எனக்குத்தான் முன்னாலயே தெரியுமே."

மன்னிப்பு வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்திருந்தேன் என்பதே அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் அதைக் கொடுக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. நான் செய்ய வேண்டிய வேலைக்கு என்னை அனுப்பினார்.

துறைக்கு எழுதினேன். அறிக்கை பொய், மரம் நோயுற்றது என்பது எனக்குத் தெரியும், அந்த ஊழியர் குற்றமற்றவர் என்று மூன்று பக்கம். பழைய கோப்புகள் இப்போது இல்லை, விஷயம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. மறுபடியும் எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. எங்கள் பழைய அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். நல்ல காபி கொடுத்தார். எந்த மரம் என்று கேட்டார். ஞாபகம் இல்லையாம்.

பிறகு பண்ணையில் ஒட்டுக்கட்டும் பயிற்சி வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டு, பழைய விஞ்ஞானி என்ற முறையில் அரை மணி நேரம் பேச அனுமதி வாங்கினேன். மேஸ்திரியையும் வரச்சொன்னேன். வந்தார், உள்ளே உட்காரவில்லை, கதவருகில் நின்றார். இருபது முப்பது ஊழியர்கள், நர்சரிக்காரர்கள் சிலர். கன்னடத்தில் பேசினேன். ஏழாம் எண் மரத்தைச் சொன்னேன். கறுத்த இலையைச் சொன்னேன். இவர் வேண்டாம் என்றார், நான் எடுக்கச் சொன்னேன் என்றேன். ஸ்பிரிட் பாட்டில் எங்கே இருந்தது என்பதையும் சொன்னேன். இவரிடம் தமிழில் சொல்ல வேண்டியதை அன்று சொல்லவில்லை என்று சொல்லி, அவர் பக்கம் திரும்பித் தமிழில், "இது கத்தியால வர்ற நோய் இல்லை" என்றேன்.

இளம் அதிகாரி ஒருவர் மெதுவாக எழுந்து, பழைய விஷயம் எதற்கு, தொழில்நுட்பம் மட்டும் பேசுங்கள் சார் என்று மரியாதையாகச் சொன்னார். இதுதான் தொழில்நுட்பம் என்றேன். பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கி, "அப்படியென்றால் கையேட்டில் இருப்பது தப்பா?" என்று கேட்டார். தப்பு, எழுதியவன் நான் என்றேன். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு உரியது.

வெளியே வந்ததும் மேஸ்திரி, "கொரலு நடுங்குச்சு சார்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் கையேட்டின் புதிய பதிப்பு வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜோகுபாளையத்துக்குப் போனேன். அவருக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. மனைவிதான் எழுத்துக் கூட்டிப் படித்தார். நோயில்லாத தாய்மரத்திலிருந்து மட்டுமே கண் எடுக்க வேண்டும் என்று புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அதற்குக் கீழே பழைய வரி அப்படியே இருந்தது. கையும் கருவியும். கடைசிப் பக்கத்தில் நன்றி என்று போட்டு என் பெயரை அச்சடித்திருந்தார்கள்.

"உங்க பேரு கீது சார்" என்றார் அந்த அம்மா. "இவரு பேரு காணோம்."

பொய் எழுதியவனுக்கு நன்றி. அந்தப் பொய்யும் பத்திரம். அதை அழித்தால் முன்பு எழுதியது தப்பு என்று ஆகிவிடுமே. அதனால் உண்மையைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். மேஸ்திரி கையேட்டை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பாதி சுத்தம் ஆயிட்டேன் சார்" என்றார். சிரித்தார். அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

என் பெயரை எடுத்துவிட்டு அந்த வரியையும் எடுக்கச் சொல்லி அன்றே கடிதம் எழுதினேன். அடுத்த பதிப்பில் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு பதிப்பு வரவில்லை. வருடத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் நடந்தது. வகுப்பில் கேள்வி கேட்ட அந்த ஊழியர், தன் ஊரில் கண் எடுப்பதற்கு முன் மரங்களைப் பார்த்துச் சொல்ல மேஸ்திரியைக் கூப்பிட்டுப் போனார். என்னையும் வரச்சொன்னார், போனேன். மேஸ்திரி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடந்தார். இலையைத் தொடவில்லை. நின்று, அண்ணாந்து பார்த்து, இது வேணாம், இது வேணாம், இதுல எடுக்கலாம் என்றார். மூன்று மரங்களை வெட்டிவிடச் சொன்னார். ஊழியர் தன் கத்தியை நீட்டி, முதல் கண்ணை நீங்களே எடுங்கள் என்றார்.

"நீ எடுப்பா" என்றார் மேஸ்திரி. "பேப்பர்ல இன்னும் அந்த வரி கீது."

கட்டிய கைகளை அவர் அவிழ்க்கவில்லை. ஊழியர் என்னைப் பார்த்தார். பிறகு ஊழியரே கண்ணைச் சீவி எடுத்தார்.